நேரில் ஒரு கோர விபத்தைப் பார்த்த பிறகு உங்கள் கடவுள் நம்பிக்கை என்ன ஆனது?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. ஈசூன் சந்திப்பில் கார் மோதியதைப் பார்த்தீர்கள். இரண்டு மாதமாகக் கோயில் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறீர்கள். வீட்டிலோ "உனக்கு ஒண்ணும் ஆகலையே, சாமிதான் காப்பாத்துச்சு, போய் ஒரு அர்ச்சனை பண்ணு" என்கிறார்கள். உங்களை வாசலில் நிறுத்துவது அந்தக் "காப்பாத்துச்சு"தான் என்று நினைக்கிறேன். நீங்கள் அப்படி எழுதவில்லை. என்னை நிறுத்தியது அதுதான் என்பதால் நானாக வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுகிறேன், 22 வருடமாக. உயர்நிலை நான்கோடு படிப்பு முடிந்தது. தத்துவம் எல்லாம் எனக்குத் தெரியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2020 ஜனவரி கடைசி வாரம். சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வேலைகள் மறுபடி ஆரம்பித்திருந்தன. அந்த வருடம் தைப்பூசம் பிப்ரவரி 8. நான் விரதத்தில் இருந்தேன். 2011-ல் மகளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தபோது வேண்டிக்கொண்டது, அதிலிருந்து வருடம் தவறாமல் காவடி. இங்கே விரதமிருக்கிறவர்கள் எல்லாரும் மாலை போடுவதில்லை. என் அப்பா போடுவார், அதனால் நானும் ருத்திராட்ச மாலை போட்டுக்கொள்வேன். இது பின்னால் வரும், அதற்காகச் சொல்கிறேன்.

காலை ஆறே கால் இருக்கும். இங்கே அந்த நேரத்தில் இருட்டுதான், ஜனவரியில் ஏழு மணிக்கு மேல்தான் விடியும். இரவெல்லாம் மழை. சுவா சூ காங்கில் ஏற்றிய ஒரு சீனப் பெண்மணியைத் துவாஸில் இறக்கப் போய்க்கொண்டிருந்தேன். பிஐஇ விரைவுச்சாலையில் எனக்கு முன்னால் இடது தடத்தில் ஒரு லாரி, பின்னால் கூரைக்கடியில் பத்துப் பன்னிரண்டு தொழிலாளர்கள். சிலர் தலை தொங்கத் தூங்குகிறார்கள். வலது பக்கத்திலிருந்து ஒரு கார் வேகமாக வந்தது. வெளியேறும் பாதையைத் தவறவிடக்கூடாது என்று இரண்டு தடத்தைக் குறுக்கே வெட்டி லாரிக்கு முன்னால் நுழைந்தது. லாரிக்காரர் பிரேக் அடித்தார். ஈரத் தார்ச்சாலையில் லாரி அப்படியே வழுக்கி, காரின் பின்பக்கத்தைத் தட்டி, இடப்பக்க இரும்புத் தடுப்பில் போய் மோதியது. கார் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

சத்தம் எனக்கு நினைவில்லை. சத்தத்துக்குப் பிறகு ரோடெல்லாம் சோற்றுப் பொட்டலம் கிடந்ததுதான் நினைவிருக்கிறது. விடியற்காலையில் மதியச் சாப்பாட்டையும் சேர்த்துக் கையில் கொடுத்து அனுப்புவார்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி. அது உடைந்து சோறும் பருப்பும் மழைத் தண்ணீரில்.

ஓரத்தில் நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் வைத்துவிட்டு ஓடினேன். லாரியிலிருந்து இரண்டு பேர் வெளியே விழுந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இன்னொரு பையன் எழவில்லை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தொடையிலிருந்து இரத்தம் கொட்டியது. வண்டியில் எப்போதும் வைத்திருக்கும் குட் மார்னிங் துண்டை மடித்து இரண்டு கையாலும் அழுத்தினேன். தூக்கவில்லை, புரட்டவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. கட்டியிருக்க வேண்டும், இறுக்கியிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருப்பீர்கள். எனக்கு அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவன் கண்ணைத் திறந்து என் கழுத்தைப் பார்த்தான். மாலையைப் பார்த்ததும், "சாமி" என்றான். ஊரில் மாலை போட்டவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இங்கே என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அங்கிள் என்பார்கள், அண்ணே என்பார்கள். "சாமி, குளிருது சாமி. கைய விடாதீங்க சாமி." ஒரு கையால் துண்டை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் பயணிதான் ஆம்புலன்ஸுக்கு, 995-க்கு அழைத்தார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் இடம் கேட்கிறார். விரைவுச்சாலையில் இடம் சொல்வதற்கு விளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதைச் சொன்னால் சரியாக வந்துவிடுவார்கள். அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. இருட்டில் எங்கே பார்ப்பது என்று தவிக்கிறார். என்னிடம் ஃபோனை நீட்டுகிறார். லாரி ஓட்டுநருக்கு முகமெல்லாம் இரத்தம். மற்ற பையன்கள் அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் துண்டை அந்த அம்மாவை அழுத்தச் சொல்லிவிட்டு எழுந்தேன். அவன் விரல் என் விரலை விடவில்லை. நான்தான் பிரித்தேன். முப்பது நாற்பது அடி ஓடி, கம்பத்தில் கைப்பேசி வெளிச்சத்தை அடித்து, எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. வந்தபோது கண் மூடியிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் இருந்தது.

இதற்கிடையில் பக்கத்துத் தடத்தில் போன வண்டிகள் மெதுவாகப் போயின. கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தார்கள். அதில் ஒருவராவது இறங்கி அந்த எண்ணைப் படித்திருக்கலாம். இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்துக்குள் வந்தது. அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மறுநாள் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்ட காவல் அதிகாரி, பையன் அன்று மதியமே போய்விட்டான் என்றார். காரை ஓட்டியவருக்குக் காற்றுப்பை விரிந்ததால் கீறல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்தால், "முருகன்தான் உன்ன காப்பாத்தினான். நீ அஞ்சு விநாடி முன்னால போயிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார் பெரியம்மா. விளக்கு ஏற்றச் சொன்னார். எதிர் வீட்டுக்காரர், அண்ணன், கோப்பிக்கடையில் கூட ஓட்டுகிறவர்கள், எல்லாரும் அதே வார்த்தை. நான் கேட்டேன்: அந்தப் பையன் கையிலும் சிவப்புக் கயிறு கட்டியிருந்ததே, யார் கட்டிவிட்டது? அவன் அம்மாவும் எங்கேயோ ஒரு கோயிலில் வாங்கித்தானே கட்டியிருப்பார்? என்னைக் காப்பாற்ற நேரம் இருந்தவனுக்கு அவனைக் காப்பாற்ற ஏன் இல்லை? பெரியம்மா அழுதார். விரதத்தில் இப்படிப் பேசாதே என்றார்.

அடுத்த நாள் வேறொன்று சொன்னார்கள். சாவுத் தீட்டு, அதோடு இரத்தம் வேறு, இந்த வருடம் காவடி எடுக்கக்கூடாது என்று. நான் கத்திவிட்டேன். சாகப்போகிற பிள்ளையின் கையைப் பிடித்தது தீட்டு என்றால் அந்தத் தீட்டோடுதான் போவேன் என்றேன். வீட்டுப் பக்கத்துக் கோயில் குருக்களிடம் மனைவி போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "குளிச்சிட்டு வரச் சொல்லும்மா" என்பதோடு முடித்துக்கொண்டாராம். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள்தான் கொரோனாவுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை நிலை அறிவித்தார்கள். ஊரே அரிசிக்கு வரிசையில் நின்றது. நான் காவடியோடு சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை நடந்தேன். மற்ற வருடங்களில் வழியெல்லாம் பேசிக்கொண்டே போவேன், முருகனிடம். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம். நேர்த்திக்கடனை அடைக்கிறேன், அவ்வளவுதான், உன்னிடம் எனக்குப் பேச்சில்லை என்று நடந்தேன்.

2021, 2022 இரண்டு வருடமும் பாத ஊர்வலம் கிடையாது. மற்றவர்கள் வருந்தினார்கள். எனக்கு நிம்மதி, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் மறுபடி தொடங்கியபோது நான் போகவில்லை. அன்று முழுக்க வண்டி ஓட்டினேன், சிராங்கூன் சாலைப் பக்கம் சவாரி வந்தால்கூட எடுக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டாக்சியில் பின்னால் உட்காருகிறவர் இருக்கை வார் (சீட் பெல்ட்) போடாவிட்டால் அபராதம். லாரியின் பின்னால் உட்காருகிற பத்துப் பேருக்கு வாரே கிடையாது. எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று லாரியிலேயே எழுதியிருக்கும், சிமெண்டு மூட்டைக்கு எழுதுவதுபோல. 2021 ஏப்ரல் 20 காலையில் அதே பிஐஇ-யில் நின்றிருந்த டிப்பர் லாரியில் தொழிலாளர் லாரி மோதி இருவர் இறந்தார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் பங்களாதேஷ்காரர். நாடாளுமன்றத்தில் எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. 2023 முதல் மழை மறைப்புக் கட்டாயம், ஓட்டுநரைக் கவனிக்க ஒருவர் கட்டாயம் என்றெல்லாம் வந்தது. நல்லதுதான். பேருந்தில் ஏற்றினால் செலவு கூடும், சின்ன நிறுவனங்கள் தாங்காது என்ற பதில் மட்டும் மாறவில்லை. எனக்கு அரசியல் வேண்டாம். ஆனால் அந்தப் பையனின் விதி என்று யாராவது என்னிடம் சொன்னால், அவன் உட்கார்ந்திருந்த மரப்பலகையை முதலில் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

இனி உங்கள் கேள்வி. நம்பிக்கை போனதா? போகவில்லை. முன்பு இருந்தது மாதிரி இல்லை. வண்டியை எடுக்கும்போது "முருகா காப்பாத்து" என்று சொல்வது நின்றுவிட்டது, வாய் வரவில்லை. "முருகா" மட்டும் சொல்கிறேன். அப்படியானால் உன் மகள் பிழைத்தது எப்படி என்று கேட்பீர்கள், அண்ணனும் கேட்டார். அன்று அறுவை செய்த டாக்டருக்கு நன்றி, முருகனுக்கும் நன்றி, அதில் மாற்றமில்லை. ஆனால் அதே வார்டில் பிழைக்காத பிள்ளையின் அம்மா ஒருவர் இருந்தார். அவர் காதில் விழும்படி "எங்க புள்ளைய முருகன் காப்பாத்திட்டான்" என்று நான் அன்றைக்குச் சத்தமாகச் சொன்னேன். அதற்கு இன்று வெட்கப்படுகிறேன். நாத்திகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு என்னைத் தங்கள் பக்கம் சேர்க்க வேண்டாம். பக்தர்களும் எனக்கு விளக்கம் எழுத வேண்டாம், கர்மவினை பற்றி நிறையக் கேட்டுவிட்டேன்.

முதலுதவி வகுப்புக்குப் போனேன். இரத்தத்தை எப்படி நிறுத்துவது, நெஞ்சை நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது முறை எப்படி அழுத்துவது என்று கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கம்பத்து எண்ணைப் படித்துவைப்பது பழக்கமாகிவிட்டது.

அந்தப் பையனோடு தங்கியிருந்தவன் என் எண்ணை ஊருக்குக் கொடுத்திருந்தான். புதுக்கோட்டைப் பக்கம். விபத்து நடந்து ஒரு மாதத்தில் அவன் அம்மா கூப்பிட்டார். ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, கடைசில தனியாவா இருந்தான்?" இல்லம்மா, நான் கையைப் பிடிச்சிக்கிட்டே இருந்தேன் என்றேன். கம்பத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நான்கு வருடம் சொல்லவில்லை. நான் கோயிலுக்குப் போகாததற்கு முருகன்மேல் இருந்த கோபம் பாதி, இந்தப் பொய் பாதி.

2024-ல் பால்குடம் எடுத்தேன், காவடி இல்லை. அந்த வாரமே வீட்டுப் பக்கத்துக் கோயிலில் அவனுக்கு மோட்ச தீபம் ஏற்றச் சொன்னேன். குருக்கள் பெயர் கேட்டார், சொன்னேன். நட்சத்திரம் கேட்டார், தெரியவில்லை. வெளியே வந்து செருப்பு வைக்கும் இடத்தில் நின்றபடியே ஊருக்கு ஃபோன் போட்டேன். நட்சத்திரம் கேட்பதற்கு முன்னால் கம்பத்துக் கதையைச் சொன்னேன், விரலைப் பிரித்ததையும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேச்சில்லை. தொடர்பு போய்விட்டதோ என்று பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு, "அனுஷம் தம்பி, எழுதிக்குங்க" என்றார்.