கோச்சிடம் சொல்வது மேனேஜர் காதுக்குப் போகுமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சமீபத்தில் டீம் லீட் ஆனேன். பெரிய மீட்டிங்குகளில் எனக்குப் பேச்சே வருவதில்லை என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு கோச்சை (தனியாகச் சந்தித்துப் பேசி, வேலையில் முன்னேற உதவுபவர்) ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பணம் கட்டுவது கம்பெனி. மனம்விட்டுப் பேசினால் மேனேஜர் காதுக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அங்கே என்னதான் செய்வார்கள்?
- வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. பணம் கொடுப்பது கம்பெனி, மனதைத் திறப்பது நீங்கள் என்றால் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். அதை மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். "நான் சொல்வதில் எது வெளியே போகும், யாரிடம் போகும்?" என்று முதல் சந்திப்பிலேயே நேரடியாகக் கேளுங்கள். முறையாகப் பயின்றவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கம்பெனி பணம் கட்டும்போது நீங்கள், கோச், மேனேஜர் அல்லது எச்.ஆர். என மூன்று தரப்பும் ஆரம்பத்திலேயே உட்கார்ந்து, இலக்கு என்ன என்று பேசி எழுதிக்கொள்வது நல்ல வழக்கம். எத்தனை சந்திப்பு நடந்தது, இலக்கை நோக்கி நகர்கிறோமா என்பது மட்டும் கம்பெனிக்குப் போகலாம். நீங்கள் அழுததும், மேனேஜரைப் பற்றிப் புலம்பியதும், வேறு வேலை தேடுவதும் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து, சட்டப்படி சொல்லியே ஆக வேண்டியது போன்றவைதான் விதிவிலக்கு. இதை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் வேறு கோச் கேளுங்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கும்? பெரும்பாலும் கேள்விகள்தான். "பேச்சு வரவில்லை" என்பீர்கள். "கடைசியாக எந்த மீட்டிங்கில்? யார் யார் இருந்தார்கள்? எந்த நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டீர்கள்? அப்போது மனதில் என்ன ஓடியது?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் யோசிக்கும்வரை அவர் சும்மா இருப்பார். அந்த அமைதி முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். "அடுத்த மீட்டிங்கில் முதல் பத்து நிமிஷத்துக்குள் ஒரு கேள்வியாவது கேட்கிறேன்" என்று கடைசியில் நீங்களே சொல்வீர்கள். அடுத்த சந்திப்பு அங்கிருந்து தொடங்கும். 'வழி சொல்லாமல் என்னையே கேட்கிறாரே' என்று எரிச்சல் வரலாம். ஆனால் நீங்களே கண்டுபிடித்த வழிதான் அவர் போன பிறகும் உங்களிடம் தங்கும்.

கோச் என்று போர்டு மாட்ட இந்தியாவில் அரசு உரிமம் தேவையில்லை. அதனால் தகுதியை விசாரியுங்கள். 1995-ல் தொடங்கிய, கோச்களுக்கான சர்வதேச அமைப்பான இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் தரும் சான்றிதழ்களில், ஆரம்ப நிலையான ஏ.சி.சி.க்கு 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும், அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 500 மணி நேர அனுபவமும் வேண்டும். சான்றிதழ் மட்டும் போதாது. அவரிடம் பேச உங்களுக்கு மனம் வருகிறதா என்பதும் முக்கியம்.

இன்னொன்று. தூக்கமே வரவில்லை, ஆபீஸ் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, வாரக்கணக்கில் இப்படியே என்றால் அது கோச்சின் வேலை இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

அப்புறம், ஆன்லைன் சந்திப்பு என்றால் இடத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஆபீஸ் கேபில் உட்கார்ந்தபடி பேசவே பேசாதீர்கள். பக்கத்து சீட்டில் உங்கள் டீம் ஆள் இருப்பார். வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இல்லையென்றால், ஆபீஸிலேயே சின்ன மீட்டிங் ரூம் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு புக் செய்துகொள்ளுங்கள்.