சிலிக்கான் உரசினால் வைரப் பூச்சு தேயுமா?

"சிலிக்கானைவிட வைரம் பல மடங்கு கடினமானது. அப்படியிருக்க, சிப்புகளின் மின்சுற்றை ஒளியால் அச்சிடும் லித்தோகிராஃபி இயந்திரத்தில், வேஃபர் எனும் மெல்லிய சிலிக்கான் வட்டத் தகட்டைத் தாங்கும் மேடைக்குப் பூசிய வைரம் எப்படித் தேயும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேயத்தான் செய்கிறது. உராய்வுச் சோதனைக் கருவியோடு சில ஆண்டுகள் பழகியவன் நான். தொடக்கத்தில் எனக்கும் இதே ஐயம் இருந்தது. ஒரு சிலிக்கான் உருண்டையை வைரம் பூசிய தகட்டின் மேல் முன்னும் பின்னுமாக ஓடவிட்டபோது, உருண்டையில் வட்டமாக ஒரு தட்டைத் தழும்பு விழுந்தது, அது எதிர்பார்த்ததுதான். வைரமோ சாதாரண நுண்ணோக்கியில் புத்தம் புதிதாகவே தெரிந்தது. நுண்ணிய ஊசிமுனையால் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகுதான், படிகங்களின் கூர்முனைகள் சீவிவிட்டாற்போல் மொட்டையாகியிருப்பது தெரியவந்தது.

கடினத்தன்மை என்பது அழுத்தினால் பள்ளம் விழுமா என்பதை மட்டும் சொல்லும் அளவு. இங்கே நடப்பதோ வேதிவினை. வேஃபரின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் ஓரிரு நானோமீட்டர் ஆக்சைடு உரசலில் விலகினால், சிலிக்கான் அணு வைரத்தின் கார்பன் அணுவோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. அந்தப் பிணைப்பு இழுக்கும் இழுப்பில், ஏற்கெனவே உராய்வால் தளர்ந்திருக்கும் கார்பன் அணு தன் இடத்தை விட்டுப் பெயர்கிறது. வைரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரித் தேய்வதும் இல்லை. பட்டை தீட்டுபவர்கள் எந்தத் திசையில் கல் 'கொடுக்கும்' என்று பார்த்துத்தான் சக்கரத்தில் வைப்பார்கள்.

இவ்வளவு சிறிய தேய்மானத்துக்கு ஏன் கவலைப்பட வேண்டும் என்றால், ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேஃபரின் தடிமன் 775 மைக்ரோமீட்டர். அது மேடையின் மேல் புடைத்து நிற்கும் ஆயிரக்கணக்கான சிறு குமிழ்களின் உச்சியில்தான் அமர்கிறது. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு குமிழ்களில் ஒன்று 5 நானோமீட்டர் தேய்ந்துவிட்டால், வேஃபர் அந்த இடத்தில் சரிந்து, அதன் மேற்பரப்பு பக்கவாட்டில் ஏறக்குறைய 0.8 நானோமீட்டர் நகர்கிறது. அடுக்குமேல் அடுக்காக ஓரிரு நானோமீட்டர் துல்லியத்தில் அச்சிடும் இடத்தில் இது பெரிய தொகை.

உராய்வின் கதை இன்னும் சுவையானது. வேஃபரை மேடையோடு இழுத்துப் பிடிக்கும்போது அது சற்றே வழுக்கித் தன்னைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். உராய்வு மிகுந்தால் கோணிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். ஈரப்பதமுள்ள காற்றில் வைரத்தின் தொங்கும் பிணைப்புகளை, அதாவது மேற்பரப்பில் இணை கிடைக்காமல் நிற்கும் பிணைப்புகளை, ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் (OH) மூடிவிடுவதால் உராய்வு அடங்குகிறது. எங்கள் கருவியில் உலர் நைட்ரஜனைச் செலுத்தினால், சிறிது நேரம் அமைதியாக ஓடும் உராய்வுக் கோடு திடீரென்று எகிறும். ஈரக் காற்றை மறுபடி விட்டால் இறங்கிவிடும். ஆனால் ஈரம் மிகுந்தால் தொடுமிடங்களில் நீர்ப் பாலங்கள் உருவாகி, ஒட்டுவிசை கூடுகிறது.

ஆகவே பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது கடினத்தன்மையைவிட மேற்பரப்பின் கரடுமுரடையே நான் முதலில் பார்ப்பேன். பெரிய படிகங்களால் ஆன பூச்சு சிலிக்கானை உழுது துகள்களைக் கிளப்பும். மிக நுண்ணிய படிகங்களால் ஆன வழவழப்பான பூச்சில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் உண்மையில் தொட்டுக்கொள்ளும் பரப்பு கூடுவதால், வேஃபர் அதில் ஒட்டிக்கொள்ளும்.