மென்டர் திட்டத்தில் மகனைச் சேர்க்க இடைத்தரகர் எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம். மகன் என்னோடு இருக்கிறான். சில மாதங்களாக யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. தன்னார்வலர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து பிள்ளையோடு நேரம் செலவிடும் மென்டர் திட்டத்தில் சேர்த்தால் நல்லது என்று பள்ளி ஆலோசகர் சொன்னார். விண்ணப்பம் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. 'காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இப்போது தெரிந்தவர் ஒருவர், கொஞ்சம் பணம் கொடுத்தால் அடுத்த மாதமே ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா? இன்னொன்று, அவன் ஏ.டி.எச்.டி.க்கு (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) சிகிச்சை எடுப்பதைப் படிவத்தில் நான் எழுதவில்லை, எழுதினால் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். அப்பாவின் கையெழுத்தும் தேவையா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு காசுகூட வேண்டாம். உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தாலும் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான். அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த வகைத் திட்டங்களில் வழிகாட்டியாக வருகிறவர் சம்பளம் வாங்குவதில்லை. பிள்ளையின் குடும்பத்திடமும் நல்ல திட்டங்கள் பணம் கேட்பதில்லை. அப்படியிருக்க நடுவில் ஒருவர் எதற்குப் பணம் கேட்கிறார்? 'ஆபீசில் எனக்கு ஆள் இருக்கிறது, உங்கள் பெயரை மேலே தூக்கி வைக்கச் சொல்கிறேன்' என்பார்கள். இந்தப் பட்டியல் ரேஷன் வரிசை மாதிரி நகர்வதில்லை. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்கே இதில் கிடையாது. உங்கள் மகனின் வயது, விருப்பங்கள், வீடு இருக்கும் தூரம், அவன் பேசும் மொழி ஆகியவற்றுக்கு ஏற்ற ஒரு பெரியவர் கிடைத்த பிறகுதான் இருவரையும் சேர்த்து வைப்பார்கள். பையன்களுக்கு நேரம் கூடுதலாக ஆவதற்கு முக்கியக் காரணம், ஆண் தன்னார்வலர்கள் குறைவாக முன்வருவது. பெயரை மேலே தூக்கி வைத்தாலும் ஆள் இல்லையென்றால் இல்லைதான்.

'அடுத்த மாதமே ஆள்' என்று ஒருவர் சொன்னால் அந்த ஆள் எங்கிருந்து வருகிறார்? எனக்குக் கவலை இதில்தான், பணத்தில் இல்லை. முறையாக வரும் தன்னார்வலரிடம் நேர்காணல் நடக்கும். அவரைத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் விசாரிப்பார்கள், குற்றப் பின்னணியைச் சரிபார்ப்பார்கள், குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே பயிற்சி கொடுப்பார்கள். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். குறுக்கு வழியில் ஆளைக் கொண்டுவருகிறவர் உங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பது இந்த வாரங்களைத்தான். அதாவது சோதனை எதுவும் இல்லாத ஒரு பெரியவரை, தனிமையில் இருக்கும் உங்கள் பிள்ளையிடம் கொண்டுவந்து நிறுத்துகிறார். குழந்தைகளிடம் தவறான எண்ணத்தோடு நெருங்கும் ஆட்கள் தேடுவதே இப்படிப்பட்ட வீட்டைத்தான். அம்மா தனியாக இருக்கிறார், களைத்திருக்கிறார், யாராவது உதவினால் போதும் என்ற நிலையில் இருக்கிறார், பையன் பேச்சைக் குறைத்துவிட்டான். உங்களுக்குத் தெரிந்தவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கூட்டிவரும் ஆளைப் பற்றி அவருக்கே என்ன தெரியும்?

தரகர்களில் இன்னொரு வகையும் உண்டு. 'பதிவு செய்து தருகிறேன்' என்று பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளி அடையாள அட்டை, புகைப்படம் எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். பிறகு அந்தப் புகைப்படம் ஏதோ ஒரு நன்கொடைத் துண்டறிக்கையில் வந்து நிற்கும். ஆவணங்களை திட்ட அலுவலகத்தில் நேரில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்புதல் படிவத்தில் 'விளம்பரத்துக்குப் படம் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி இருந்தால் அதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை மறுத்ததற்காகப் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

சரி, ஏழு மாதம் காத்திருப்பதால் பையனுக்குக் கெடுதல் இல்லையா என்று கேட்பீர்கள். காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் அவசரத்தில் கிடைத்த வழிகாட்டி பாதியில் விட்டுப் போவது அதைவிடக் கெடுதல். இதை ஊகத்தில் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பெரியவர்களைத் துணையாகச் சேர்த்துவைக்க 1904இல் நியூயார்க்கில் தொடங்கிய பிக் பிரதர்ஸ் இயக்கத்தின் வழி வந்த அமைப்பை வைத்து, 1995இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 10 முதல் 16 வயதுக்குட்பட்ட 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழிகாட்டி கொடுத்தார்கள், மறுபாதியை 18 மாதம் பட்டியலிலேயே வைத்தார்கள். வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடும் வாய்ப்பு 46 சதவீதம் குறைந்திருந்தது, பள்ளிக்கு மட்டம் போடுவது ஏறக்குறைய பாதியானது. பல திட்டங்கள் தங்கள் துண்டறிக்கையில் போட்டுக்கொள்வது இந்தப் பாதிக் கதையைத்தான். மீதிக் கதை 2002இல் வந்தது. அதே பிள்ளைகளின் தகவலை எடுத்து, உறவு எவ்வளவு காலம் நீடித்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்தவர்களுக்குத் தன்னைப் பற்றிய மதிப்பு, ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கீழே போயிருந்தது.

உங்கள் மகன் ஏற்கெனவே ஒரு பெரியவர் வீட்டைவிட்டுப் போனதைப் பார்த்தவன். இரண்டாவதாக ஒருவர் வந்து, நாலு ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடிவிட்டுக் காணாமல் போனால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டிவிடுவான். அதனால் அழைப்பு வரும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இவர் எவ்வளவு காலத்துக்கு உறுதி கொடுத்திருக்கிறார்?' என்பது. 'ஆள் நல்லவரா' என்பதெல்லாம் அப்புறம். ஒரு வருடத்துக்குக் குறைவு என்றால் யோசியுங்கள். கல்லூரிச் சான்றிதழுக்காக மூன்று மாதம் சேவை செய்ய வருகிற இளைஞர்களைத் தனி வழிகாட்டியாகப் பொருத்தும் திட்டங்கள் இருக்கின்றன. அந்த இளைஞர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எண்ணிக்கை காட்ட வேண்டும் என்பதற்காக அவர்களைப் பிள்ளைகள் தலையில் கட்டும் நிர்வாகத்தின் மேல்தான் கோபம். இத்தனை பேரைச் சேர்த்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறார்கள். அதில் எத்தனை உறவு ஒரு வருடம் தாண்டியது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. நீங்கள் கேளுங்கள். பெற்றோர் கேட்டால்தான் அவர்கள் எண்ணவே தொடங்குவார்கள்.

இரண்டாவது கேள்வி, 'சேர்த்த பிறகு யார் கவனிப்பார்கள்?' குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு நடந்துவிட்டது என்றதும் பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது ஏற்கெனவே பிடிபட்டவர்களை மட்டும்தான் காட்டும். முதல் மாதத்தில் இரண்டு முறையும் அதன்பின் மாதம் ஒருமுறையும் ஒருங்கிணைப்பாளர் வழிகாட்டியிடமும் உங்களிடமும் பையனிடமும் பேச வேண்டும். பையனிடம் தனியாகப் பேச வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். வெளியே கூட்டிப் போவதற்கு முன் எங்கே, எப்போது திரும்புவது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இரவு தங்கல் கூடாது. 'இது நமக்குள்ளேயே இருக்கட்டும்' என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்லலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்று இன்றைக்கே மகனிடம் சொல்லி வையுங்கள். மென்டர் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது ஏ.டி.எச்.டி. மறைத்தது தவறு. ஆனால் திருத்த முடியாத தவறு இல்லை. ஒருங்கிணைப்பாளருக்கு நாலு வரியில் எழுதிவிடுங்கள். நோயின் பெயரை மட்டும் எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்காருவான், மருந்து எந்த நேரத்தில் வேலை செய்கிறது, எதில் தன்னை மறந்து ஈடுபடுவான், கோபம் வந்தால் என்ன செய்தால் அடங்குவான் என்று எழுதுங்கள். அதை வைத்து ஓடியாடும் ஆள் ஒருவரைத் தேடுவார்கள். தெரியாமல் இருந்தால், மூன்று மணிநேரம் சதுரங்கம் ஆட ஆசைப்படும் ஒரு பொறுமைசாலியை அனுப்புவார்கள், இரண்டாவது சந்திப்பிலேயே இருவரும் வெறுத்துப்போவார்கள். சிகிச்சையில் இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பையனைத் தள்ளிவிடும் திட்டத்தை நான் நல்ல திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வழிகாட்டி சிகிச்சைக்கு மாற்று ஆக மாட்டார். மருத்துவரிடம் போவதை நிறுத்தாதீர்கள்.

அப்பாவின் கையெழுத்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இதில்தான் நிறைய அம்மாக்கள் சிக்கிக்கொள்கிறார்கள், அலுவலகங்களும் சரியாக விளக்குவதில்லை. பிள்ளை உங்களோடு வசிக்கிறான் என்பதும், அவனைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் சட்ட உரிமை உங்களிடம் மட்டும் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதை எடுத்துப் படியுங்கள். முடிவெடுக்கும் பொறுப்பு முழுக்க உங்களுக்கு என்று அதில் இருந்தால் உங்கள் கையெழுத்தே பொதுவாகப் போதும், உத்தரவின் நகலை இணைத்துவிடுங்கள். இருவருக்கும் பொது என்று இருந்தால், படிவத்தில் ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்பதற்காக நீங்கள் மட்டும் போட்டுவிட்டு அமைதியாக இருக்காதீர்கள். நாலு மாதம் கழித்து அவருக்குத் தெரியவந்து, 'என்னைக் கேட்காமல் யாரோ ஒரு ஆணோடு என் மகனை அனுப்புகிறாள்' என்று புகார் கொடுத்தால், திட்டம் உடனே சந்திப்புகளை நிறுத்திவிடும். அடிபடுவது பையன்.

உத்தரவே இல்லை, சும்மா பிரிந்திருக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. பெரும்பாலும் இருவருக்குமே உரிமை நீடிக்கும். சட்டம் இடத்துக்கு இடம் மாறுவதால் வழக்கறிஞரிடமோ இலவசச் சட்ட உதவியிலோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை இருக்கும் கணவர் என்றால் முன்னதாகவே எழுத்தில் சொல்லுங்கள். 'உனக்குப் பதிலாக ஒரு அப்பா' என்று அவர் எடுத்துக்கொள்ளும்படி சொல்லாதீர்கள், வாரத்தில் சில மணிநேரம் பழகும் ஒரு பெரிய நண்பர் என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்றால், தொடர்புகொள்ள எடுத்த முயற்சிகளைத் தேதியோடு எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள், மேலே என்ன செய்வது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அவரால் உங்களுக்கோ மகனுக்கோ ஆபத்து என்றால் கதையே வேறு. அப்போது அவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்காதீர்கள். பாதுகாப்பு உத்தரவு இருந்தால் அதன் நகலைக் கொடுங்கள். சந்திக்கும் இடமும் நேரமும் அவர் கைக்குப் போகக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். 'இரண்டு பெற்றோரும் கையெழுத்துப் போட்டால்தான் படிவத்தை வாங்குவேன்' என்று மேசையில் இருப்பவர் அடம்பிடித்தால் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். படிவத்தின் கட்டத்தை நிரப்புவதற்காக ஒரு பெண்ணை ஆபத்துக்குள் திருப்பி அனுப்புவது எந்த விதியிலும் இருக்க முடியாது.

இனி, காத்திருக்கும் காலத்துக்கு. மாதம் ஒருமுறை நீங்களே போன் செய்யுங்கள். அவர்கள்தான் கூப்பிட வேண்டும், கூப்பிடுவதில்லை. ஓர் ஒருங்கிணைப்பாளர் தலையில் அளவுக்கு மீறிய பிள்ளைகளை ஏற்றிவிட்டு, அவர் வேலையை விட்டதும் கோப்பை அலமாரியில் போடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தை இப்போது கையாள்வது யார், பெயர் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியிலேயே வாரம் ஒரு மணிநேரம் சந்திக்கும் வகை அவர்களிடம் உண்டா என்றும் கேளுங்கள். அதன் பலன் சற்றுக் குறைவு, ஆனால் ஆள் சீக்கிரம் கிடைப்பார், சுற்றிலும் ஆசிரியர்கள் இருப்பார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பையனுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு பெரியவர் இருக்கக்கூடும், விளையாட்டுப் பயிற்சியாளர், பழைய ஆசிரியர், அம்மா வழி மாமா. அவனையே ஒரு பெயர் சொல்லச் சொல்லி, அவர் இதே திட்டத்தில் சேர்ந்து நேர்காணல், சரிபார்ப்பு, பயிற்சி எல்லாம் முடித்து இவனுக்கே வழிகாட்டியாக வர முடியுமா என்று கேட்கலாம். பிள்ளையே ஆளைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறையைச் சில திட்டங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்தானே என்று சரிபார்ப்பை மட்டும் விட்டுவிடச் சம்மதிக்காதீர்கள்.

மகனிடமும் பேசிவிடுங்கள். அவனுக்கு விருப்பமில்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வழிகாட்டி வந்த பிறகு 'இவனைப் படிக்கச் சொல்லுங்கள், அங்கே என்ன பேசினான்' என்று அவரை உளவாளியாக்காதீர்கள். திருத்த வருகிறவரிடமிருந்து பிள்ளைகள் விலகிவிடுவார்கள், கூட இருக்க வருகிறவரிடம்தான் ஒட்டுவார்கள்.

அந்தத் தெரிந்தவருக்கு 'வேண்டாம்' என்று சொன்னதோடு நிறுத்தாமல், திட்டத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். திட்டத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார், எந்தத் தேதியில், எவ்வளவு, எந்த வார்த்தைகளில் என்று எழுதினால் போதும். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பத்து நாளில் பதில் வராவிட்டால் அதே கடிதத்தோடு பள்ளி ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். அந்தத் திட்டத்துக்கு மற்ற பிள்ளைகளையும் அனுப்புவது அவர்தான்.