மொழி தெரியாத நகரத்தில் உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது?

முதன்முறையாக வெளிநாடு போகிறேன், காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் எங்கே போவது, வழி தவறினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தின் பெயரும் நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரும் சரியாகத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அமெரிக்காவில் ஓர் இரவு காய்ச்சலோடு மருந்துக்கடைக்குப் போனேன். பாராசிட்டமால் என்ற எழுத்தைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. அங்கே அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயராம். அதையும் ஒரு புட்டி சளி மருந்தையும் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். புட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால், அதிலும் அதே அசிட்டமினோஃபென்! பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. மீறினால் கல்லீரல் கெடும். இரண்டையும் மாற்றி மாற்றி விழுங்கியிருந்தால் எங்கே போய் நின்றிருக்குமோ.

அதனால் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் மூலப்பெயரையும் (உள்ளே இருக்கும் மருந்துப்பொருளின் பெயர்) அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி வைத்த பெயர் எல்லை தாண்டினால் பெரும்பாலும் செல்லாது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் கைப்பையிலேயே வையுங்கள். போகும் நாட்டில் அந்த மருந்துக்குத் தடை உண்டா என்றும் பாருங்கள்: ஜப்பானுக்குள், மூக்கடைப்பு மருந்தான சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மாத்திரையைக் கொண்டுபோக முடியாது, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளைக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும்.

அவசர எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்காவில் 911. ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119. 110 அடித்தால் போலீஸ் எடுக்கும். எங்கே அடித்தாலும் 'எங்கே இருக்கிறீர்கள்' என்று கட்டாயம் கேட்பார்கள். விடுதி முகவரியை உள்ளூர் எழுத்திலேயே படம் எடுத்து வையுங்கள். டாக்சிக்காரரிடம் நீட்டவும் அது போதும். வெளியே இருந்தால் ரயில் நிலைய வாசலின் எண்ணைச் சொல்லுங்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200க்கும் மேல் வாசல்கள். 'நிலையத்துக்குப் பக்கத்தில்' என்றால் யாரும் வந்து சேரமாட்டார்கள். நகர வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவிடுங்கள், இணையம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் புள்ளியைக் காட்டும்.

காப்பீடு எடுக்காமல் போகவேண்டாம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். உயிருக்கு ஆபத்தில்லை என்றால், ஆஸ்பத்திரியில் சேருமுன் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணைக் கூப்பிட்டுவிடுங்கள். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதிய தாளும் வேண்டும். நான் அதை வாங்காமல் ஊர் திரும்பிவிட்டு, மூன்று மாதம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.