ஃப்ளைட் சிமுலேட்டருக்கான கம்ப்யூட்டர்: எந்தப் பாகம், ஏன்? கேள்வி பதில்

கேள்வி: மற்ற கேம்கள் எல்லாம் நொடிக்கு நூறு ஃப்ரேமுக்கு (திரையில் மாறும் படத்துக்கு)க் குறையாமல் ஓடுகின்றன. ஃப்ளைட் சிமுலேட்டரில் மட்டும், பெரிய ஏர்போர்ட்டில் ஏர்பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினால் 25 ஃப்ரேம்தான். கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. கார்டு வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அதே ஏர்போர்ட், அதே விமானம், அதே வானிலை. கிராபிக்ஸ் செட்டிங்ஸில், படத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்று சொல்லும் ரெண்டர் ஸ்கேலை 100-லிருந்து 50-க்கு இறக்குங்கள். படம் மங்கும், அது போகட்டும். ஃப்ரேம் எண்ணிக்கை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். நன்றாக ஏறினால் கார்டுதான் திணறுகிறது. 25 அப்படியே 25-ஆக நின்றால், கார்டு வேலையை முடித்துவிட்டுப் பிராசசருக்காகக் காத்துக் கிடக்கிறது என்று பொருள்.

காரணம் இதுதான். விமானத்தின் பறப்புக் கணக்கு, காக்பிட் திரைகள், சுற்றியுள்ள மற்ற விமானங்கள், எந்தக் கட்டடத்தை எப்போது வரைவது என்கிற முடிவு ஆகியவற்றில் பெரும் பங்கு மெயின் த்ரெட் என்ற ஒரே வரிசையில் ஓடுகிறது. அந்த வரிசை ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லிசெகண்ட் எடுத்தால் நொடிக்கு 25 ஃப்ரேம்தான் கிடைக்கும். உலகின் மிகப் பெரிய கார்டை மாட்டினாலும் அந்த 40 குறையாது. 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் 16.7 மில்லிசெகண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கி ஃப்ரேம் கவுண்டரைத் திறந்தால், மெயின் த்ரெட் தடுக்கிறதா, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) தடுக்கிறதா என்று அதுவே எழுதிக் காட்டும். டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டரில் ஃப்ரேம் கவுண்டரைக் காண, வலது கண்ட்ரோலுடன் பாஸ் விசையை அழுத்துங்கள். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில் டேட்டா அவுட்புட் பகுதியில் ஃப்ரேம் ரேட் வரிசையைத் திரையில் காட்டச் செய்தால் சிபியு (பிராசசர்) நேரம், ஜிபியு நேரம் இரண்டும் தெரியும். தடை பிராசசரில்தான் என்று தெரிந்தால், முதலில் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல் (நிலப்பரப்பை எவ்வளவு விவரமாகக் காட்டுவது), ட்ராஃபிக், காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகம் ஆகிய மூன்றையும் குறைத்துப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

கேள்வி: அப்படியானால் எந்தப் பிராசசர் வாங்கலாம், சார்? 16 கோர் எடுத்தால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்கிறார்கள்.

பதில்: சிமுலேட்டருக்கு மட்டும் என்றால் 16 கோர் வேண்டாம். ஒரு கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி) எவ்வளவு வேகம், அதன் பக்கத்தில் எவ்வளவு கேஷ் (வேகமான சிறு நினைவகம்) இருக்கிறது, இந்த இரண்டையும் பாருங்கள். சிமுலேட்டர் சின்னச் சின்னத் தரவுகளை ஓயாமல் தேடி எடுக்கும் மென்பொருள். தேடுவது கேஷில் இருந்தால் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால் ரேம் வரை போய்வர வேண்டும். ஏஎம்டியின் கூடுதல் கேஷ் உள்ள எக்ஸ்3டி வகைகள் சிமுலேட்டர் பறப்பவர்களிடையே இவ்வளவு பேசப்படுவது அதனால்தான். ரைசன் 7 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டிலும் 8 கோர், 96 எம்பி எல்3 கேஷ். புதிதாகக் கட்டுகிறவர் இந்த இரண்டில் ஒன்றை எடுத்தால் போதும்.

ஏஎம்4 (ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்) மதர்போர்டு ஏற்கெனவே வைத்திருப்பவர் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். 5800எக்ஸ்3டி அல்லது 5700எக்ஸ்3டி கிடைத்தால், பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை)ப் புதுப்பித்துவிட்டு அதே போர்டில் மாட்டலாம். இதிலும் 96 எம்பிதான். பழைய ரேமும் அப்படியே தொடரும்.

7950எக்ஸ்3டியில் 16 கோர் உண்டு. ஆனால் அவை எட்டு எட்டாக இரண்டு தொகுதி, கூடுதல் கேஷ் ஒரு தொகுதிக்குத்தான். சிமுலேட்டர் தவறான தொகுதியில் போய் உட்கார்ந்தால் வாங்கிய பயன் கிடைக்காது. வீடியோ எடிட்டிங் போன்ற வேலையும் அதே கணினியில் செய்பவருக்கு அது பொருந்தும்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டை எந்தக் கணக்கில் தேர்வு செய்வது?

பதில்: மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள், கார்டு தானாக முடிவாகும். 1920×1080 என்றால் ஏறத்தாழ 20 லட்சம் பிக்சல். 2560×1440 என்றால் 37 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். 1080-லிருந்து 4கேவுக்குப் போகிறவர் கார்டுக்கு நான்கு மடங்கு வேலை வைக்கிறார், பிராசசரின் வேலையோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

அடுத்து விடியோ மெமரி. இதில் தயவுசெய்து கஞ்சத்தனம் காட்டாதீர்கள். சிமுலேட்டர் நிலப்பரப்பு, காக்பிட், ஏர்போர்ட் என எல்லாவற்றின் டெக்ஸ்சரையும் கார்டில் வைத்துக்கொள்ளும். இடம் நிறைந்துவிட்டால் மெதுவாகக் குறையாது. சீராக 50 ஓடிக்கொண்டிருந்தது, தரையிறங்கும் நேரத்தில் திடீரென 10-க்கு விழுந்து விக்கும். 1080-க்கு 8 ஜிபியில் டெக்ஸ்சரைக் குறைத்து ஓட்டலாம். 1440-க்கு 12 ஜிபி. 4கேவுக்கும் விஆருக்கும் (கண்ணில் மாட்டும் ஹெட்செட்) 16 ஜிபி. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலே விடியோ மெமரியைக் குறைந்தபட்சம் 4, பரிந்துரை 8, சிறந்தது 12 ஜிபி என்றுதான் சொல்கிறது. அந்தக் குறைந்தபட்சத்தை 'ஓடும்' என்று படியுங்கள், 'நன்றாக ஓடும்' என்று படிக்காதீர்கள்.

விலை நெருக்கமாக இருந்தால், வேகம் சற்றே கூடின 8 ஜிபி கார்டைவிட வேகம் சற்றே குறைந்த 16 ஜிபி கார்டு சிமுலேட்டருக்கு நல்லது.

கேள்வி: லேப்டாப்பிலும் அதே பெயரில் கார்டு வருகிறதே, அண்ணா?

பதில்: பெயர்தான் ஒன்று. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4080-இல் 16 ஜிபி, லேப்டாப் 4080-இல் 12 ஜிபி. உள்ளே இருக்கும் சிப்பும் வேறு, அதற்குக் கிடைக்கும் மின்சாரமும் குறைவு. எக்ஸ்3டி வகைப் பிராசசர் உள்ள லேப்டாப்பும் அரிது. இடம் மாறிக்கொண்டே இருப்பவர் தவிர மற்றவர்களுக்கு டெஸ்க்டாப்தான்.

கேள்வி: 32 ஜிபி ரேம் போதுமா, 64 வேண்டுமா? இப்போது இரண்டு 16 ஜிபி போட்டுவிட்டுப் பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: சிமுலேட்டரும் ஒரு பிரௌசரும் மட்டும் என்றால் 32 போதும். டிசிஎஸ்ஸில் ஆள் நிறைந்த மல்டிபிளேயர், விஆர், ஏராளமான ஆட்-ஆன் ஏர்போர்ட், கூடவே ரெக்கார்டிங் என்று இருந்தால் 64.

பிறகு சேர்க்கிற யோசனை பழைய டிடிஆர்4 வகை ரேம் காலத்துக்குச் சரி, இப்போதைய டிடிஆர்5-இல் அடிவாங்கும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக்குக்கு 3600. இரண்டு ஸ்டிக்கில் 6000 வேகத்தில் நன்றாக ஓடியது, நான்கு போட்டதும் துவக்கத்திலேயே நின்றுவிடலாம். ஆகவே 64 தேவைப்படும் என்று தோன்றினால் இப்போதே 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக, ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக வாங்கிவிடுங்கள். புதிய ரைசன்களின் சாக்கெட்டான ஏஎம்5-க்கு 6000 வேகம், சிஎல்30 (ரேமின் தாமத அளவு) என்று அச்சிட்ட ஜோடி பொருத்தமானது. பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும்.

மாட்டிய பிறகு பயாஸில், ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை இயக்க மறந்துவிடுகிறார்கள். இயக்காவிட்டால் 6000 என்று வாங்கிய ரேம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்லவும் மாட்டார்கள். இன்னொன்று: டிடிஆர்5 முதல் தடவை இயங்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். கெட்டுவிட்டது என்று பயந்து சுவிட்சை அணைக்காதீர்கள்.

கேள்வி: மூன்று மானிட்டர் வைக்க ஆசை.

பதில்: மூன்று 1440 மானிட்டர் சேர்ந்தால் 1 கோடியே 10 லட்சம் பிக்சல், அதாவது 4கேவைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். மூன்றையும் ஒரே நீளத் திரையாக இணைத்தால் சுமை கார்டுக்கு, ஆனால் ஓரத்துப் படம் இழுபடும். ஒவ்வொன்றையும் தனிக் கோணமாக அமைத்தால் படம் சரியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கோணத்துக்கும் பிராசசர் மீண்டும் உழைக்க வேண்டும். எக்ஸ்-பிளேனில் இது நன்றாகத் தெரியும். சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், ஒரு பெரிய திரையும் தலை அசைவைப் பின்தொடரும் ஹெட் டிராக்கரும் மிகக் குறைந்த செலவில் அதே பயனைத் தரும்.

கேள்வி: விஆரில் பறக்க என்னென்ன மாற வேண்டும்?

பதில்: நான் மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒரு படி ஏறுங்கள். க்வெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064×2208 பிக்சல். இரண்டு கண்ணும் சேர்ந்து 91 லட்சம் பிக்சல், லென்ஸ் வளைவை ஈடுசெய்ய அதைவிடக் கூடுதலாகவே வரைய வேண்டியிருக்கும். 72 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஃப்ரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட்தான் அவகாசம். முடியாதபோது 36 ஃப்ரேம் வரைந்து மீதியை ஊகித்து நிரப்பும். நிதானமாகப் பறக்கும் விமானத்தில் அது பரவாயில்லை, போர் விமானத்தில் அருகில் பாயும் எதிரி விமானம் இரட்டையாகத் தெரியும்.

வயர்லெஸ்ஸில் இணைப்பதாக இருந்தால் கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டருக்குக் கேபிள் கட்டாயம். இரண்டு பக்கமும் காற்றில் போனால் திணறும். பழைய விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் யோசியுங்கள்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அந்த ஆதரவை நீக்கிவிட்டது.

கேள்வி: எஸ்எஸ்டி?

பதில்: போர்டிலேயே நேராக மாட்டும் என்விஎம்இ வகை, 2 டிபி. ஜென்4 (நான்காம் தலைமுறை) போதும், ஜென்5-க்குக் கூடுதலாகக் கொடுப்பதைக் கார்டில் போடுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டை (என்விஎம்இ உட்காரும் இடத்தை) நிரப்பினால் பழைய வகை டிஸ்க்குக்கான சாட்டா போர்ட்டோ, கார்டு ஸ்லாட்டின் பாதி லேனோ (தரவுப் பாதையோ) போய்விடும். மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: பறந்துகொண்டிருக்கும்போதே த்ராட்டில் அல்லது ரட்டர் பெடல் துண்டிக்கப்பட்டு, மறுபடி இணைகிறது. போர்டு சரியில்லையா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. சிமுலேட்டர் கணினியைத் திட்டமிடும்போது எல்லோரும் மறப்பது யுஎஸ்பியைத்தான். ஜாய்ஸ்டிக், த்ராட்டில், பெடல், பட்டன் பெட்டி, ஹெட் டிராக்கர், ஹெட்செட், கீபோர்டு, மவுஸ் என்று எட்டு சாதனம் எளிதாகச் சேர்ந்துவிடும்.

முதல் சந்தேகம் மின்சேமிப்பு. பவர் ஆப்ஷனில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ஹப்பிலும், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு திரும்ப ஒரு முறை பாருங்கள்.

இரண்டாவது மின்னோட்டம். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. அடாப்டர் இல்லாத ஹப்பில் நான்கு சாதனம் செருகினால், அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தை நான்கும் பங்கிட்டுக்கொள்கின்றன. விளக்கு எரியும் பட்டன் பெட்டி ஒன்று சேர்ந்தாலே போதும், பெடல் விழுந்துவிடும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். விஆர் ஹெட்செட்டை மட்டும் எந்த ஹப்பிலும் சேர்க்காமல் போர்டிலேயே நேராகச் செருகுங்கள்.

மூன்றாவது, கண்ட்ரோலரே நிரம்பிப்போவது. போதிய யுஎஸ்பி கண்ட்ரோலர் வளம் இல்லை என்று விண்டோஸ் செய்தி காட்டினால், ஹப் சேர்த்துப் பயனில்லை. பிசிஐஇ ஸ்லாட்டில் மாட்டும் தனி யுஎஸ்பி கார்டுதான் வழி. அதனால் மதர்போர்டு வாங்கும்போதே, பின்பக்கம் குறைந்தது எட்டு யுஎஸ்பி இருக்கிறதா, மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கிராபிக்ஸ் கார்டு மாட்டிய பிறகும் ஒரு ஸ்லாட் மறையாமல் மிஞ்சுமா என்று பார்த்து வாங்குங்கள். போர்டின் பளபளப்பைவிட இது முக்கியம்.

எல்லாம் சரியானதும் எந்தச் சாதனம் எந்தப் போர்ட் என்று ஒட்டிவைத்துவிடுங்கள். போர்ட் மாறினால் சில சிமுலேட்டர்கள் அதைப் புதுச் சாதனமாக எடுத்துக்கொண்டு, நீங்கள் அமைத்த பட்டன்களை மறந்துவிடும்.

கேள்வி: பவர் சப்ளை எவ்வளவு வாட்? பழையதிலிருந்து கேபிளை எடுத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடவே கூடாது. கழற்றி மாட்டும் மாடுலர் கேபிளின் முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். தவறான முனைக்கு 12 வோல்ட் போனால் எஸ்எஸ்டியும் போர்டும் ஒரு நொடியில் போய்விடும்.

வாட் கணக்குக்குக் கார்டு தயாரிப்பாளர் சொல்வதைப் பின்பற்றுங்கள். என்விடியாவின் பரிந்துரைப்படி ஆர்டிஎக்ஸ் 4070-க்கு 650, 4080-க்கு 750, 4090-க்கு 850, 5090-க்கு 1000 வாட். 16 முனைக் கனெக்டர் உள்ள கார்டில், இடைவெளி தெரியாதவரை கேபிளை முழுக்க அழுத்திச் செருகுங்கள். செருகிய இடத்திலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் வளைக்காதீர்கள். அரைகுறையாகச் செருகியதுதான் பல கனெக்டர்கள் உருகக் காரணம். கேபினட் கதவை மூடும்போது கேபிள் நசுங்குகிறதென்றால் அந்தக் கேபினட் உங்கள் கார்டுக்குக் குறுகல்.

கேள்வி: பிராசசருக்குத் தண்ணீர்க் கூலர் வேண்டுமா?

பதில்: 7800எக்ஸ்3டிக்கும் 9800எக்ஸ்3டிக்கும் இரண்டு ஃபேன் உள்ள நல்ல காற்றுக் கூலர் போதும். முன்பக்கம் வலை உள்ள கேபினட்டாக எடுங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: உண்மையான ஃப்ரேம்களுக்கு நடுவே கார்டே உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்கும்போது பிராசசருக்கு ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?

பதில்: உங்களிடம் 40 ஃப்ரேம் இருந்தால் அது 70-க்கு மேல் காட்டும், மானிட்டரில் பார்க்க அழகாகவே இருக்கும். பயணிகள் விமானம் ஓட்டுகிறவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் கைக்கும் விமானத்துக்கும் இடையிலான தாமதம் குறையாது, 40-க்கு உரியதைவிடச் சற்றுக் கூடவே செய்யும். அடிப்படை 20-ஆக இருந்தால் படம் சறுக்கும், கை மட்டும் பின்தங்கும். எனவே முதலில் உண்மையான 35, 40 ஃப்ரேமை எட்டுங்கள், பிறகு அதை இயக்குங்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டி முடித்தேன். எல்லாம் நீங்கள் சொன்ன பாகங்கள்தான். 5 ஃப்ரேம் வருகிறது!

பதில்: மானிட்டர் கேபிளைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். புதிய ரைசன்களுக்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால் படம் வந்துவிடுகிறது, தவறு தெரிவதில்லை. கேபிளைக் கார்டுக்கு மாற்றிவிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா, அதன் முழு வேகத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படியும் ஏறவில்லையென்றால் ரேம் வேகம், கார்டின் டிரைவர் இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.