சப்வூஃபர் வாங்குமுன் நாற்காலியை நகர்த்துங்கள்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, 5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியான பேஸைத் தரும் கோன்) வைத்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி, தவில் கேட்டால் பேஸே இல்லாமல் தகர டப்பா மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். முதலில் வயரைப் பாருங்கள் சார். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கருப்பும் மாறியிருந்தால் இரண்டின் பேஸும் ஒன்றையொன்று தின்றுவிடும். நானே இப்படி மாட்டிவிட்டு ஒரு மாதம் ஆம்ப்ளிஃபயரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வயர் சரியென்றால், நாற்காலியை அறையின் நட்டநடுவில் போட்டிருப்பதாகச் சொன்னீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். எதிரெதிர்ச் சுவர்களில் ஒலி மோதித் திரும்புவதால், 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு நிலை அலை உருவாகும். அது சுவரோரம் பலமாகக் கேட்கும், நடுவில் ஏறக்குறைய காணாமலே போகும். நாற்காலியைப் பின்சுவர் பக்கம் இரண்டு மூன்று அடி தள்ளிப் பாருங்கள். ஸ்பீக்கரையும் சுவருக்கு ஒரு சாண் தூரம்வரை நெருக்கலாம். பாடகர் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனால் கொஞ்சம் முன்னே இழுங்கள்.

ஈக்வலைசரில் பேஸை முழுக்க ஏற்ற வேண்டாம். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தச் சின்னக் கோன் திணறத்தான் செய்யும். அந்த ஆழமும் வேண்டுமென்றால், ஆழமான பேஸுக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபர்தான் வழி. கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். சப்வூஃபரின் சத்தம், அது தனியாக ஒலிப்பதே தெரியாத அளவுக்கு இருந்தால் போதும்.