நந்தினியைத் தேடி…

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' நந்தினி உண்மையில் வாழ்ந்தவரா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: இல்லைம்மா, கல்கி படைத்தவள். நம்ப எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது! காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்கிறது. மற்றபடி அது அவர்களது உறவினர்களின் நிலத்தைப் பறித்த விவகாரம். கொலை ஏன், எப்படி? ஒரு வரி கிடையாது. அந்தக் காலியிடத்தில்தான் கல்கி நந்தினியை உட்கார வைத்தார்.

முதல் தடவை போனபோது டார்ச் அடித்து அவள் பெயரைத்தான் தேடினேன். குருக்கள் சிரித்துவிட்டார்: "எல்லாரும் அவளைத்தான் சார் தேடுறாங்க."

அப்புறம், முழுக் கற்பனை என்று நான் நினைத்திருந்த நாவலின் நாயகன் வந்தியத்தேவர்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவராக இருக்கிறார்.